வாய்க்காலைத் தாண்டாத தராசு

அது எந்த ஆண்டு என்பதில் எனக்கும் அத்தைக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மேட்டூர் அணை ஜூன் பன்னிரண்டில் திறக்காமல் குறுவை இல்லாமலே போன ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. நினைவில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. நான் நான்காம் வகுப்பு படித்ததை வைத்துக் கணக்கிடுகிறேன். அத்தை தன் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டதை வைத்து, அதற்கு அடுத்த ஆண்டு என்கிறாள். நாளில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. நவம்பர் பதினான்கு, குழந்தைகள் தினம்.

பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் எங்கள் தெரு. பள்ளிக்கூடம், பால்வாடி, ரேஷன் கடை எல்லாம் அந்தப் பக்கம். எங்கள் தெருவில் எல்லோரும் அவர்கள் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்தவர்கள். தண்ணீர் வராத மாதங்களில் அந்த வேலையும் இல்லை; அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகுதான் தாமதமாகச் சம்பா நடவு தொடங்கியது. அப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்குப் பெயர் இருந்தது, ஆனால் கூப்பிடுவார் இல்லை. தெருவே அவனை ‘மிராசு’ என்றது. காரணம் அவனுடைய தொந்தி. தொந்தி என்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சங்கதி, நிலம் உள்ளவர்களுக்கு வருவது. எங்கள் தெருவில் தொந்தி போட்டிருந்த ஒரே ஆள் அவன்தான். கன்னம்கூட உப்பலாக இருக்கும். அத்தை வேலை முடிந்து வந்ததும் அவன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பாள்.

“கும்புடுறேங்க மிராசு. இந்த வருசம் எத்தன வேலி நெலம் நடவுங்க?”

மிராசு பதில் சொல்லமாட்டான். சிரிப்பதும் குறைவு, அழுவதும் குறைவு. பெரிய மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். தீபாவளிக்கு வந்த அப்பா அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, கஞ்சி குடித்தாலும் பிள்ளைக்கு உடம்பில் ஒட்டுகிறது என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமையாசிரியருக்கு ஆப்பிரிக்கா மேல் இரக்கம் வந்தது. நல்ல மனிதர், இரக்கத்தில் குறை சொல்லமுடியாது. செய்தித்தாளில் வந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி வகுப்பறையில் மாட்டினார். பெரிய வயிறும் குச்சிக் கைகளுமாக ஒரு கறுப்புக் குழந்தை அதில் உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் தினத்தன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிடி அரிசி கொண்டுவரவேண்டும், அதை விற்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பணம் அனுப்பப்படும் என்று அறிவித்தார். மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா தலைமை தாங்க வருகிறார். ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசப்போவது நான். எனக்குக் குரல் எட்டும் என்பதுதான் தகுதி.

பேச்சை அவரே எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அம்மா தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். அக்குழந்தைகளின் தலைமயிர் செம்பட்டை படர்ந்திருக்கும். வயிறு பானைபோல் உப்பியிருக்கும். பாதங்கள் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். அழவும் அவர்களுக்கு வலுவிராது. மருத்துவர் அவர்களை நாடி வருவதில்லை.

“யாரடி சொல்ற, நம்ம மிராசையா?” என்று அத்தை சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. “இது ஆப்பிரிக்கா!” என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தம்பியின் காலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. அது மேலே எழும்புமா என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குழி அவசரப்படவில்லை. அத்தையின் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“அங்க எல்லாப் புள்ளைக்கும் இப்படியா? இல்ல, நம்ம தெரு மாதிரி தெருவுல இருக்கறதுக்கு மட்டுமா?” என்று அம்மா கேட்டாள்.

“அதெல்லாம் பேச்சுல இல்லம்மா.”

“சாரக் கேட்டுட்டு வா.”

கேட்டேன். ஆப்பிரிக்காவில் எல்லோரும் ஏழைகள்தான், நீ உச்சரிப்பைக் கவனி என்றார். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அந்தப் பேச்சில் ஒரே ஊராகச் சுருங்கியிருந்தன. பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். அங்கேயும் நகரங்களில் பளபளப்பான மருத்துவமனைகள் உண்டு. செவிலி எட்டிப் பார்க்காத குடியிருப்புகளும், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அவளைத் தேடி நாள் முழுதும் நடக்கும் தாய்மார்களும் உண்டு. எந்தப் புத்தகமும் படிக்காத அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி.

மறுநாள் நடவை விட்டுவிட்டு அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். அந்த மாதம் எடை பார்த்து முடிந்துவிட்டதாம். எடை பார்ப்பது எப்போதும் முற்பகலில், எங்கள் தெருப் பெண்கள் வயலில் குனிந்திருக்கும் நேரத்தில். எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாமே என்றால், தராசைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்ட முடியாது என்பார்கள். அந்த ஆண்டு நெடுநாள் வாய்க்காலில் தண்ணீரே இல்லை. “உங்க தெருப் புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் இருக்கும், பூச்சியா இருக்கும்” என்று எடை பார்க்கும் நர்சம்மா ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அம்மா என்னைப் பேசச் சொன்னாள். வரி தவறினால் அவளே எடுத்துக் கொடுத்தாள். மகள் மேடையேறுகிற பெருமை என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

விழா நாளன்று மேடை மேசையில் அரிசி குவிந்திருந்தது. பக்கத்தில் அந்தப் படம். எது நடந்தாலும் நிறுத்தக்கூடாது, கூட்டத்தைப் பார்க்காதே, எதிர்ச்சுவரைப் பார் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நான் எதிர்ச்சுவரைப் பார்த்துத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் வாசலில் சலசலப்பு. அம்மா, அத்தை, பின்னால் நடவுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். முழங்கால்வரை சேறு. ஆளுக்கொரு பிள்ளை இடுப்பில்.

“என்னம்மா இது, விழா நடக்குது!”

“நடக்கட்டும் சார். எங்க புள்ள பேசுறத நாங்க கேக்கக் கூடாதா?” என்றாள் அத்தை.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொண்டுவந்த அரிசியை முதலில் குவியலில் கொட்டினாள். கொட்டிவிட்டுத் தம்பியைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் உட்காரவைத்தாள். நான் எதிர்ச்சுவரை விட்டு அவர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் நிறுத்தக்கூடாதே. தலைமயிர் செம்பட்டை படர்ந்திருக்கும் என்றேன். அம்மா தம்பியின் தலையைக் கோதிக் காட்டினாள். வயிறு பானைபோல் என்றேன். சட்டையைத் தூக்கினாள். பாதங்கள் என்று நான் வாயெடுக்குமுன் அவள் கட்டைவிரல் அவன் காலில் இருந்தது. பேச்சின் வரிசை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மருத்துவர் அவர்களை நாடி வருவதில்லை என்று நான் முடித்தபோது டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அந்தப் படத்துல இருக்கற புள்ளைக்கு என்ன வைத்தியமோ, அதையே இவனுக்கும் பண்ணுங்க” என்றாள் அம்மா. கெஞ்சும் குரல் இல்லை. வரப்புத் தகராறில் பேசுகிற குரல்.

டாக்டரம்மா தம்பியின் கண்ணை, நாக்கை, காலைப் பார்த்தார். படத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே நின்ற ஜீப்பைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் உடனே சேர்க்கவேண்டும், தானே கூட வருவதாகச் சொன்னார். நான் ஓடிப்போய் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப் கதவருகே வந்து நின்றாள். ஏறவில்லை.

“தராசு எங்க தெருவுக்கு வரட்டும். எங்க தெருப் புள்ளைங்க எல்லாத்தையும் எடை பாத்துடுங்க. அப்பறம் ஏறுறேன்.”

“உன் புள்ளைக்கு நேரமாகுதும்மா!” என்றார் டாக்டரம்மா.

“அதான் சீக்கிரம் எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

பெண்கள் ஜீப்பின் முன்னால் போய் நின்றார்கள். அத்தை சக்கரத்தின்மேல் சேற்றுக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா விழாவுக்கு வந்திருந்த நர்சம்மாவை அழைத்துத் தராசை எடுத்துவரச் சொன்னார். தராசு தலைமையாசிரியரின் சைக்கிளில் ஏறி வாய்க்காலைத் தாண்டியது. அன்று தஞ்சாவூர் போன ஜீப்பில் எங்கள் தெருவிலிருந்து தம்பியோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தன. தம்பி இன்று அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். திருக்கடையூர்வரை போய் அறுத்துவிட்டு வருகிறான்.

அன்று எனக்கு அது எதுவும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது, டிரைவர் சாவியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். எங்கே போய்விடுவாரோ என்ற பயத்தில் அம்மாவின் முந்தானையை உள்ளே இழுத்து இழுத்து, “ஏறும்மா, ஏறும்மா” என்று அழுதேன். நம் பிள்ளைதான் இடுப்பிலேயே இருக்கிறானே, இவள் இன்னும் யாருக்காக நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.