புறங்கையில் திருநீறு

போன வெள்ளிக்கிழமை, கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த பிள்ளையார் கோயில். புதிதாக வந்த இளம் ஐயர் திருநீற்றுத் தட்டோடு என் முன்னால் நின்றார். நான் வலக்கையை நீட்டினேன் — கவிழ்த்தபடியே.

"கையைப் பிரட்டிப் பிடியுங்கோ அம்மா."

பிரட்ட முடிந்தால்தானே!

இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் வலக்கையில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள இரண்டு எலும்பும் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டவை. உள்ளங்கை எப்போதும் நிலத்தைத்தான் பார்க்கும். இத்தனை காலமும் தோளைத் தூக்கி, உடம்பைச் சரித்து, முழங்கையை முறுக்கி, பாதி உள்ளங்கையைக் காட்டி வாங்கிவந்தேன். ஊரார் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

இடக்கையை நீட்டலாமே என்பீர்கள். கோயிலிலா?

இந்த வருஷம் முழங்கை பேசத் தொடங்கிவிட்டது. முறுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். வலி சுண்டுவிரல்வரை ஓடும். கண்ணில் நீர் வரும். அதையும் பக்தி என்றார்கள்...

தம்பி விடவில்லை. உலகச் சண்டைக்கால நெரிசலில் றெயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டொக்டர்.

"இந்த வயதிலை எலும்பைப் பிரிக்கேலாது. நீங்கள் முறுக்கேக்கை முழங்கையிலை ஒரு நார் சறுக்கி விழுகுது. அதுதான் சத்தம். இனி முறுக்காதையுங்கோ. முறுக்கினால் கையை மடக்கவும் ஏலாமல் போகும்."

"அப்ப கோயிலிலை திருநீறு வாங்கிறது எப்பிடி?" என்றான் தம்பி.

"அதை ஐயரிட்டைக் கேளுங்கோ!"

கேட்க எனக்கு வாய் வந்தால்தானே? அந்த வெள்ளிக்கிழமை ஐயர் முன்னால் கவிழ்த்த கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பின்னால் நின்ற அன்னம் மச்சாள் சும்மா இருப்பாவா?

"என்ன மச்சாள், வாங்க வந்தனியோ, குடுக்க வந்தனியோ?"

வரிசை முழுவதும் சிரித்தது. உடம்பு முடியாது என்றால் நம்பாத ஊர், திமிர் என்றால் உடனே நம்பிவிடும். என் தோள் பழக்கத்தில் தானாக எழும்பியது. முழங்கையில் வலி முளைத்தது. இன்றைக்கு முறுக்கினால் என்றைக்கும் முறுக்கவேண்டியதுதான்... தோளை இறக்கினேன்.

"ஐயா, வழக்கம் எனக்குத் தெரியும். என்ரை கைக்குத்தான் தெரியாது. பிறவியிலேயே பிரளாத கை. புறங்கையிலை வையுங்கோ."

என் குரல்தானா அது?

ஐயர் மூலஸ்தானத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துப் புறங்கையில் வைத்தார். வியர்வை துடைப்பதுபோல் அப்படியே நெற்றியில் ஒற்றினேன். முழங்கை மூச்சுக் காட்டவில்லை.

"மூக்கெல்லாம் திருநீறு!" என்றா மச்சாள்.

"ஓம் மச்சாள். இண்டைக்கு நோகேல்லை."

நாளையும் வெள்ளிதான். ஐயருக்குப் பழகிவிடும். பழகாவிட்டாலும் நான் நீட்டப்போவது இந்தக் கையைத்தான்!