பன்னிரண்டு காலடி

நாங்கள் அகதியாக வந்து குடியேறிய ஹொல்ஸ்டெப்ரோவில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் புது வீடுகள் கட்டப் போகிறார்கள். அதற்கு முன் மியூசியத்துக்காரர் வந்து நிலத்தைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். இன்று மஞ்சள் மணலில் கறுப்பு வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. பல நூறு வருடங்களுக்கு முன் இங்கே நின்ற வீட்டின் தூண் குழிகளாம்.

"மரம் உக்கிவிட்டது. ஆனால் ஒருமுறை தோண்டி மூடிய மண் பழைய நிறத்துக்கு வராது" என்றாள் அங்கே நின்ற மியூசியப் பெண்.

ஊரை விட்டு ஓடிய அன்று எனக்கு எட்டு வயது. இயக்கத்துக்குப் போய்ச் செத்த அண்ணாவின் படங்களோடு சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. அம்மா அவற்றைப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினாள். மெழுகும் ஈரமண்ணும் கலந்து மணத்தது. கிணற்றுக்குக் கிழக்கே குழி வெட்டிய அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கிணத்துக் கட்டிலயிருந்து குழி மட்டும் நட பிள்ளை. எண்ணி மனசில வைச்சிரு. நாங்கள் வராட்டிலும் நீ வருவாய்."

அப்பா இப்போது இல்லை. அண்ணாவின் முகம் அம்மாவுக்கே மறந்துகொண்டு வருகிறது.

இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியைப் போன மாதம்தான் ராணுவம் விட்டது. அங்கேயிருக்கும் மச்சானுக்கு உடனே ஃபோன் எடுத்தேன். வீடு தரைமட்டம், கிணறு மட்டும் இருக்கிறது என்றான்.

"கிழக்கால பன்னிரண்டு காலடி, மச்சான்."

"ஆருடைய காலடி? உன்ரயோ, மாமாவின்ரயோ?"

குனிந்து பார்த்தேன். என் சப்பாத்து நாற்பத்தோராம் அளவு.