கோட்டுக்குக் கீழே என் புள்ளி

சம்பளக் கணக்கைப் போடுகிறவள் தன் வேலையையும் அதில் சேர்க்கலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போய் வருகிறவள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் வேலை. சம்பளம் போதவில்லை என்று நர்சுகள் முறையிட்டபோது, புள்ளியியல் படித்தவள் என்று நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"எந்த வேலைக்கு எவ்ளோ நியாயம்னு கணக்கு போட்டுக் குடும்மா. அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

முறை எளியது. ஒவ்வொரு வேலைக்கும் திறமை, உழைப்பு, பொறுப்பு, சூழல் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். டிரைவர், எலெக்ட்ரீஷியன், காவலாளி என்று ஆண்கள் பார்க்கும் வேலைகளின் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால், ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறையில், இத்தனை மதிப்பெண்ணுக்கு இத்தனை சம்பளம் என்று காட்டும் ஒரு கோடு கிடைக்கும். பெண்கள் பார்க்கும் வேலை அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே விழுகிறதோ, அவ்வளவு சம்பளத்தை உயர்த்த வேண்டும்.

நர்சுகளும் ஆயாக்களும் கீழே வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். ஆனால் கோட்டுக்குக் கீழே எல்லாரையும்விடத் தள்ளி ஒரு புள்ளி கிடந்தது. அது பில்லிங். பெண்கள் மட்டுமே இருக்கும் எங்கள் பிரிவு.

ஏசி அறை, உட்கார்ந்த வேலை, நல்ல சம்பளம் என்று வீட்டில் சொல்லித்தானே கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறேன்?

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். மூன்று பேர் சேர்ந்துதான் மதிப்பெண் போட்டோம். ஆனால் அதிகம் பேசியது நான். எங்கள் பொறுப்பு மதிப்பெண்ணைக் குறைத்துப் பார்த்தேன். புள்ளி இடப்பக்கம் நகர்ந்ததே தவிர, கோட்டை எட்டவில்லை.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். "கணக்கு போட்டதும் நீ, ஜாஸ்தி வாங்கறதும் நீயா? நல்லா இருக்கும்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி பாத்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாரு. உங்க செக்‌ஷனை எடுத்துட்டுக் குடு. நர்சு, ஆயாவுக்கெல்லாம் இந்த மாசமே ஏத்திடலாம்."

எங்கள் புள்ளியை எடுத்தால் கோடு மாறாது. மற்றவர்களின் உயர்வும் மாறாது. அதனால் கணக்கைக் காட்டி மறுக்கக்கூட எனக்கு வழியில்லை. வெளியே வந்தால் வார்டு ஆயா, "பாப்பாக்கு சளி விட்டுதாம்மா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரயிலில் பக்கத்து கவுன்ட்டர் அக்கா விடவில்லை. "என்னாடி, பேயறைஞ்ச மாரி உக்காந்துக்கினு இருக்க? நம்ப புள்ளி எங்க நிக்குது?"

"இன்னும் போட்டுக்கினு இருக்கேன்கா."

"பாத்துப் போடு. பில்லு கிழிக்கறதுக்கு இதுவே ஜாஸ்தின்றாரு எங்க வூட்டுக்காரரு. அவரு வாய அடைக்கணும்."

விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

"உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? எடுத்துட்டுக் குடுத்துடு" என்றார் அன்றிரவு என் கணவர். எனக்கு மட்டும் என்றால் எடுத்திருப்பேன். அந்தப் புள்ளியில் அக்காவும் இருக்கிறார்.

திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு படங்கள் தயாராக இருக்கின்றன; ஒன்றில் நாங்கள் இருக்கிறோம், மற்றதில் இல்லை. எங்கள் பிரிவுக்கு மட்டும் வேறு யாரையாவது மதிப்பெண் போடச் சொல்லலாமா? அதற்குள் ஆயாக்களின் உயர்வு நின்றுபோனால்? இப்படி ஓர் இடத்தில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்தப் படத்தைக் கொடுப்பது என்று எனக்கு எழுதுங்கள்.