கூட்டுச் சுற்றிவளைப்புக்கு ஒரு வேன்

பிரதேச செயலகத்தில் போதைப்பொருள் தடுப்புக் குழுவின் இணைப்பு உத்தியோகத்தராக நான் பொறுப்பேற்ற முதல் நாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வராணி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஸ்கூல் பஸ் நிக்கிற எடத்துல ஒரு ஆட்டோக்காரன் புள்ளைங்களுக்கு போதை மாத்திரை விக்கிறான் சார். பொலிசுக்கு எழுதுனேன், மதுவரி ஆபீசுக்கு எழுதுனேன். ரெண்டு பேரும் இங்க அனுப்பிட்டாங்களாம். நீங்க எங்க அனுப்பப் போறீங்க?"

என் கோப்பைத் திறந்து பார்த்தேன். அவருடைய இரண்டு கடிதங்களும் அதில்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. பொலிஸ் பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஆள் இருக்கு. ஜீப் பழுதாகி கராஜ்ல" என்றார்.

"எங்க வேன் ஓடும். டீசலுக்குக் காசு ஒதுக்கல" என்றார் மதுவரிப் பரிசோதகர்.

எங்கள் அலுவலகத்தில் வேனும் டீசலும் இருந்தன. ஆனால் அந்த டீசலை வேறு திணைக்கள வண்டிக்கு ஊற்ற முடியாது என்றார் கணக்காளர். "ஓடிட்ல கணக்குக் கேட்டா நான்தான் பதில் சொல்லணும்." யார் சொன்னதும் தப்பில்லை. அதனால்தான் வேலை நகரவில்லை.

"குழுவோட கள ஆய்வுன்னு போட்டு, எல்லாரும் நம்ம செயலக வேன்லயே போனா?" என்று கேட்டேன்.

கணக்காளர் யோசித்தார். "பிரதேச செயலாளர் கையெழுத்துப் போட்டா போகலாம்."

கையெழுத்து கிடைத்தது. செல்வராணியின் முறைப்பாட்டுக் கடிதத்தைக் கூட்ட அறிக்கையுடன் சேர்த்து எல்லா உறுப்பினருக்கும் அனுப்பச் சொன்னார் பொறுப்பதிகாரி. அதுதான் வழக்கம். கூட்டம் கலைந்ததும் அவரிடம் தனியே போய்ச் சொன்னேன்: "சார், நம்ம குழுவுல ஆட்டோ சங்கமும் உறுப்பினர். கடிதத்துல அந்தம்மா பேரு, லயத்து வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு."

சிங்களத்தில் 'சரி' சொல்லித் தொடங்கினார்: "ஹரி. கடிதம் ஒங்க அலுமாரியிலயே இருக்கட்டும். எடமும் நேரமும் எனக்கு மட்டும் சொல்லுங்க."

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்துக்குப் போனோம். சிவில் உடையில் பொலிசார், மதுவரிக்காரர்கள், நான். ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் பிஸ்கட் பெட்டி நிறைய மாத்திரை. பொலிசார் ஆட்டோக்காரனைக் கைதுசெய்து எங்கள் வேனிலேயே ஏற்றினார்கள். திரும்பும்போது எங்கள் சாரதி ஓட்டக் குறிப்பேட்டை நீட்டினார். "கள ஆய்வுன்னு எழுதிட்டேன் சார். கைதி ஏறுனத எங்க எழுதுறது?" பொறுப்பதிகாரியே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் செல்வராணி வந்தார். "யாரு சொல்லிப் புடிச்சாங்கன்னு தோட்டத்துல ஒருத்தருக்கும் தெரியல சார். எங்க வீட்டுக்காரரே என்கிட்டதான் கேக்குறாரு!"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டியைப் பகிருங்கள், ஆளைப் பகிருங்கள், டீசலுக்கும் வழி தேடுங்கள். நம்பி வந்து சொன்னவரின் பேரை மட்டும் பகிராதீர்கள்.