அத்தானின் போனுக்கு வந்த வீடியோ

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. தீவிரவாதக் கூட்டங்கள் சமூக ஊடகங்களில் போடும் தமிழ்ப் பதிவுகளைப் பார்த்து நீக்க வேண்டும். வீடு இருக்கும் ஈசூனிலிருந்து ரயில் மாறிப் போவதற்குள்ளேயே அலுத்துவிடும். வேலை என்னவோ சுலபம்தான். பார்த்து, முடிவு செய்து, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நீக்கியது திரும்பி வருவதுதான் ஆளைக் களைக்க வைக்கும்.

ஒரு சமயம் ஒரு வீடியோ எங்களைப் பாடாய்ப் படுத்தியது. எரியும் வீடு, ஓடும் பெண்கள், பின்னணியில் ஓர் ஆணின் குரல்: நம் ஆட்களைக் கொளுத்துகிறார்கள், இன்னுமா சும்மா இருக்கிறீர்கள், ஆயுதம் எடுங்கள். நீக்கினோம். கணினி அடையாளம் காணாதபடி இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள். அதையும் நீக்கினோம். சுற்றிலும் பூப்போட்ட பார்டர் வைத்துப் பண்டிகை வாழ்த்து போல அனுப்பினார்கள். கணக்கை மூடினால், பெயரில் ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வந்தார்கள்.

பக்கத்து இருக்கைத் தோழி மதுரையிலிருந்து வந்தவள். "வீட்டுக்குப் போனாலும் அந்தாளு குரலு காதுக்குள்ளயே கேக்குதுங்க" என்பாள். எனக்கு அதுகூட இல்லை. அந்தப் பெண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மதியம் என்ன வாங்கிச் சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஆகிவிட்டதே என்று கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிடோக்கில் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் பஸ் ஓட்டுகிறார். யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். அக்கா பரிமாறுவதற்குள் போனை என் பக்கம் நீட்டினார்.

"இதப் பாரும்மா. வயிறெரியுது."

அதே பூப்போட்ட பார்டர். அதே குரல்.

"யாரு அனுப்புனா அத்தான்?"

"புளோக்குக் கீழ கடையில டீ குடிப்போம்ல, என் கூட்டாளி. அவன்தான் குரூப்ல போட்டான். நானும் டிப்போ ஆளுங்களுக்கு அனுப்பிட்டேன்."

"இது பொய் அத்தான். வீடு எரியுறது ஒரு ஊரு. அந்தப் பொம்பளைங்க வேற எங்கயோ வெள்ளத்துல ஓடுறாங்க. ரெண்டையும் ஒட்டியிருக்காங்க."

"பொய்னா எதுக்கு எல்லா எடத்துலயும் அழிக்கிறாங்க? உண்ம வெளிய வரக்கூடாதுன்னுதான் லா."

வீட்டில் யாருக்கும் என் வேலையை நான் விவரமாகச் சொன்னதில்லை. 'கம்ப்யூட்டர் வேலை' என்றதோடு விட்டிருந்தேன். அன்று வாதாடத் தெம்பில்லை.

"அழிக்கிறதே நான்தான் அத்தான்" என்றேன்.

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டாள். வீடியோவை நிறுத்திப் பெண்களின் கால்களைக் காட்டினேன். கணுக்கால் வரை தண்ணீர். அத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தெனமும் இதயாம்மா பாக்குற?"

"இதவிட மோசமானதும் வரும்."

அத்தான் ஒரு மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. வேலையில் ஒருநாளும் வந்ததில்லை.

சாப்பிட்டதும் டிப்போ ஆட்களுக்குப் போனில் குரலைப் பதிந்து அனுப்பினார். "நான் போட்டது பொய் வீடியோ. தப்புதான். அழிச்சிடுங்க." கூட்டாளியின் குரூப்பிலும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். வீடியோ அங்கேயே இருந்தது. அது தனிப்பட்ட குரூப், எங்கள் கைக்கு எட்டாத இடம்.

பிறகொரு நாள் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்க வந்த அத்தானைப் பார்த்தேன். டீக்கடையில் அவரைக் கண்டாலே கூட்டாளி கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறாராம். அத்தானின் அம்மா இறந்தபோது காரியம் முடியும்வரை கூடவே நின்றவர் அவர்.

"கெட்டவன் இல்லம்மா அவன்" என்றார் அத்தான். "காலைல வணக்கம்னு மெசேஜ் போடுறேன். பாக்குறான். பதில்தான் வரல."

"விடுங்க அத்தான், இனிமே போடாதீங்க."

"போட்டுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, இறைச்சிப் பையைக் கை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் ரயிலுக்குப் போனேன்.