வரிசைக்கு ஓர் எண்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புக்குள் மழைத் தண்ணீர் புகுந்த வருடம் நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தரைத்தளத்திலிருந்த எங்கள் வீட்டில் கட்டில் கால்கள் மூழ்கியதும் இரண்டாம் மாடி வீட்டார் எங்களைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டு அக்கா இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அவளுடைய அம்மாவும்தான் இருந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு, அத்தா என்றுதான் அவள் கூப்பிடுவாள், ராயப்பேட்டையில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை. மெஷின்களைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்று முதல் நாள் காலையில் போனவர் திரும்பவில்லை. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்றது. பெரியவர்கள் சமையலறையில் இதைத் தணிந்த குரலில் பேசினார்கள். எனக்கும் தம்பிக்கும் கரண்ட் இல்லை, டிவி இல்லை என்பதுதான் கவலை.

அக்காவிடம் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் இருந்தது. துபாயிலிருந்து அவளுடைய மாமா கொண்டுவந்தது. புரோகிராம் எழுதலாம், பென்சில் பேட்டரியில் ஓடும். தம்பி அழ ஆரம்பித்ததும் அதில் ஒரு விளையாட்டு எழுதிக் கொடுத்தாள். திரையில் கட்டம் கட்டமாகச் சுவர்கள். சுவரில் இடிக்காமல் ஒரு புள்ளியை வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு லெவல் முடிந்ததும் அடுத்ததை நாங்களே தாளில் வரைந்து கொடுத்தோம். மூன்றாவதை ஏற்றும்போது மெமரியில் இடமில்லை என்று வந்துவிட்டது. ஏற்கெனவே பெரும்பகுதி அவளுடைய காலேஜ் கணக்குகள்.

"இவளோடத அழிச்சிடுங்கக்கா" என்றான் தம்பி. நான் அவன் முடியைப் பிடித்தேன்.

"யாரோடதயும் அழிக்க வேணாம், விடு அவன" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் திரையையே பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் வைத்திருந்தாள். வரிசைக்கு எட்டுக் கட்டம், எட்டு எண்.

"சுவர் இருக்கு, இல்லாட்டி இல்ல. இதுக்குப் போய் எட்டு எதுக்கு? ஒண்ணே போதும்."

வலது ஓரக் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசிக்கு நூற்று இருபத்தெட்டு என்று மதிப்புப் போட்டாள். சுவர் இருக்கும் கட்டங்களின் மதிப்பைக் கூட்டி, அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் போதும். ஆடும்போது கால்குலேட்டர் அதைப் பிரித்து எது சுவர் என்று கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு லெவல் இருந்த இடத்தில் இப்போது எட்டு.

கூட்டும் வேலை எங்களுக்கு.

"கையிலதான் கால்குலேட்டர் இருக்கே, அதுலயே கூட்டலாமேக்கா?"

"பேட்டரி தீந்துடும். நீ வாயால சொல்லு. நல்லா சத்தமா."

சரியாகச் சொன்னாலும் இன்னொரு தடவை கூட்டச் சொன்னாள். இவ்வளவு கண்டிப்பான அக்காவை நான் பார்த்ததில்லை. நடுநடுவே தன் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்து வைப்பாள். மறுநாள் மதியத்துக்குள் பதினோரு லெவல் ஏறிவிட்டது. இடம் இன்னும் மீதி இருந்தது.

பன்னிரண்டாவதில் ஒரு வரிசைக்கு நான் "நூத்தித் தொண்ணூத்தஞ்சு" என்று சொல்லி முடிக்கும்போது, படிக்கட்டிலிருந்து வாட்ச்மேன் கத்தினார். "பாப்பா! உங்க நைனா போட்டுல வந்துகினு கீறாரு!"

சமையலறையிலிருந்து எல்லோரும் ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. ஒன்று, ஒன்பது, ஐந்து என்று அழுத்தினாள். பிறகுதான் எழுந்தாள். மார்புவரை நனைந்த சட்டையோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி அவளுடைய அத்தா வாசலில் நின்றார். "சாப்ட்டியாம்மா?" என்றார். "ம்" என்றாள். குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

இன்னும் மூன்று வரிசை பாக்கி. பாதியில் விட்டுப் போய்விட்டாளே என்று எனக்குக் கோபம். வெகுநேரம் கழித்து வந்தபோது அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்தா இப்பிடித்தான்க்கா ஆகும்" என்று, எனக்கு எங்கள் வீட்டில் சொல்வதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"ஆமால்ல" என்றாள்.