மடிப்பில் இருந்த சொல்

என் மனைவி சிரிப்பது கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எங்கள் மகன் நாலு வயதில் காய்ச்சல் கண்டு மௌத்தாகி, அவனை அடக்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவள் என்னோடு சோறு, தண்ணி என்ற அளவுக்குத்தான் கதைத்தாள். அன்று அறைக்குள் தனியாக இருந்து ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வந்தது பொறாமை.

அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தவன் ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். நான் அத்தோடு நின்று சைக்கிள் திருத்தப் போய்விட்டேன். அவன் மேலே படித்துக் கூட்டுறவுக் கடையில் கிளாக்கர் ஆனான். தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம் அது. எங்கள் கரையோர ஊர்களில் யாரையாவது இழக்காத வீடு குறைவு. அவன் தன் சைக்கிள் கரியரில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டி, துக்கம் நடந்த வீடுகளுக்குத் திங்களும் வியாழனும் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு வெற்றுத் தாள் இருக்கும். வாசித்தவர் மனதில் பட்டதை அதில் எழுதி வைக்கலாம். ஒரு வீட்டில் எழுதியதை அவன் பேர் சொல்லாமல் இன்னொரு வீட்டில் வாசித்துக் காட்டுவான். நாம் மட்டுமில்லை என்று அந்தப் பெண்களுக்குத் தைரியம் வரும் என்பான். ஊரே அவனுக்காக துஆச் செய்தது. எனக்காக யாரும் துஆச் செய்ததாகத் தெரியவில்லை.

அவன் வந்தால் எங்கள் வேலி வாசல் கடப்படியோடு நின்றுவிடுவான். மனைவியின் உம்மா, என் மாமிதான் புத்தகத்தை வாங்கி உள்ளே கொடுப்பார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டில்தான் போய் இருப்பான். அந்த வீட்டுக்கு நானும் வந்தவன், அவனும் வந்தவன். ஆனால் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ அவனுக்குத்தான் போனது. என் மனைவி எட்டு மாதமாக எனக்கு இஞ்சி தட்டவில்லை.

ஒரு வியாழக்கிழமை என் கடைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மச்சான், பின் சில்லு காத்து இறங்குது. ஒருக்காப் பாரு."

"என்னத்த இவ்வளவு பாரமா ஏத்திற?"

"எல்லாம் கதைதான் மச்சான். உனக்கும் ஒண்டு தரட்டா? படம் போட்டதும் இரிக்கி."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் வால்வுக்கு உக்கிப்போன பழைய ரப்பரை மாட்டிவிட்டேன். பாதி வழியில் காற்றுப் போயிருக்கும். அவன் எங்கள் வீட்டுக்கு வேர்க்க வேர்க்க நடந்தே போயிருக்கிறான். அன்று அவனுக்கு இரண்டு பிளேன்டீ என்று மாமி சொன்னார்.

அதற்கடுத்த வாரம், மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே தாள் மடித்திருந்தது. எங்கள் ஊரில் அவள் வயதுப் பெண்கள் பலர் தமிழ் எழுத்தை வாசிப்பார்கள். எழுதும்போது மட்டும் ஓதல் பள்ளியில் பழகிய அறபு எழுத்திலேயே தமிழை எழுதுவார்கள். எனக்கும் அந்த எழுத்துத்தான் சுகம். முதல் சொல்லை எழுத்துக் கூட்டினேன். 'காதல்' என்று வந்தது. அந்தச் சொல்லுக்கு அப்பால் என் கண் போகவில்லை. தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புத்தகத்தை நேரே கூட்டுறவுக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"இனி அவவுக்குப் பொத்தகம் வேணாமாம். கொண்டுவராத."

"அவ சென்னாவா?"

"ஓம்."

"அரைவாசிதானே முடிஞ்சிரிக்கும்," என்றான். பிறகு அதை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தான்.

வீட்டில், அவன் வந்து வாங்கிப் போனான் என்று சொன்னேன். திங்கட்கிழமை அவள் கடப்படி தெரிகிற இடத்தில் பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லும்வரை இருந்தாள். வியாழக்கிழமையும் இருந்தாள். அதன் பிறகு சோறு, தண்ணி என்ற சொற்களும் நின்றுபோயின. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

என் கோபத்துக்கு இரை போடத்தான் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். கடை வாசலில் நல்ல வெயில். மடிப்பை விரலால் நீவிவிட்டேன். வெறும் கோடாகத் தெரிந்த எழுத்தின் தலையில் ஒரு சிறிய வளையம் இருந்தது. மடிப்பில் பென்சில் அழிந்துபோயிருந்தது. அது 'கா' என்று நீட்டும் அலிபு இல்லை, 'கூ' என்று நீட்டும் வாவு. காதல் இல்லை, கூதல். குளிர்.

'கூதலா இரிக்காதா எண்ட புள்ளைக்கி. இந்த மழைக்கி நாங்க எல்லாரும் போத்திக்கிட்டு இரிக்கம். ஆரிட்டக் கேக்கிற.'

எங்கள் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. வீட்டு வாசலோடு அவளுக்குப் பிள்ளை முடிந்துவிட்டது. கபுறுக் குழிக்குள் இறங்கி மகனை வைத்தவன் நான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் ஒரே வீட்டில் இருக்க, அவள் ஒரு புத்தகத்திடம் கேட்டிருக்கிறாள். உண்மை தெரிந்த பிறகும் பொறாமை குறையவில்லை. இன்னும் கூடியது.

கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டுறவுக் கடைக்குப் போனேன். சீனிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"அந்தப் பொத்தகத்தத் தா மச்சான்."

"வேணாமெண்டு சென்னாவாமே?"

"அவ செல்லல்ல. நான்தான் சென்ன."

அவன் மேசைக்குக் கீழே கையை விட்டு எடுத்துத் தந்தான். "வேற வீட்டுக்குக் குடுக்கல்ல. நீ வருவாயெண்டு தெரியும். மறுகா, அந்த வால்வு ரப்பரையும் மாத்திப் போடு."

அவனுடைய அந்தப் பொறுமையையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தையும் தாளையும் அவள் முன்னால் வைத்தேன்.

"வாசிச்சீங்களா?"

"ஓம். பொத்தகத்தத் திருப்பிக் குடுத்ததும் நான்தான்."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அவன அடக்கின அண்டைக்கும் மழதான். மேல் மணல்தான் ஈரம். உள்ளுக்கு இறங்கினா சூடு. எண்ட காலுக்குத் தெரிஞ்சிது. அவனுக்குக் கூதல் இல்ல புள்ள."

அவள் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாளும் ஏன் செல்லல்ல?"

"நீ கேட்டது பொத்தகத்திட்டத்தானே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, முதல் பிடி மண்ணை யார் போட்டது, பக்கத்தில் யாருடைய கபுறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு நேரம் நான் கதைத்ததில்லை. பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டும் அவள் எழும்பவில்லை. புத்தகம் அரிசிச் சுளகின் பக்கத்தில் மூடியபடியே கிடந்தது. அதை அப்படிப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.